டபிள்யூஆர்எஃப்: எல்சிஇசட் போட்டும் சென்னை மாறவே இல்லை, அவசரம்

வெயில்மீட்டர்:
வணக்கம். டபிள்யூஆர்எஃப் (வானிலையைக் கணக்கு போடுற மென்பொருள்) ஓட்டுறேன். சென்னை, மே மாசம், ஒண்ணுக்குள்ள ஒண்ணா 3 டொமைன் (கணக்கு போடுற பரப்பு), கடைசிக் கட்டம் 1 கிமீ. மோடிஸ் செயற்கைக்கோள் நிலப்பயன்பாட்டுல ஒரு ரன். அப்புறம் டபிள்யூ2டபிள்யூங்கிற கருவி வச்சு எல்சிஇசட் (நகரத்தைக் கட்டட வகைப்படி பிரிக்கிற) வரைபடம் ஏத்தி இன்னொரு ரன். இதுலயும் தி.நகர், அடையாறு, அம்பத்தூர் எல்லாம் ஒரே மாதிரி. ராத்திரி நகரத்துக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம்கூட இல்லை. நடுவுல ரெண்டு எரர் வந்துச்சு, நேம்லிஸ்ட்ல (ரன் அமைப்புக் கோப்பு) சரி பண்ணிட்டேன். இப்ப ரன் சுத்தமா முடியுது. வெள்ளிக்கிழமை கைடுகிட்ட காட்டணும். எங்க தப்பு?

நிரல்பூனை:
எந்தப் பதிப்பு? நகர இயற்பியல் (நகரத்தைக் கணக்கு போடுற முறை) 1ஆ, 2ஆ, 3ஆ? பிபிஎல் (தரையை ஒட்டின காற்றடுக்குக்கான திட்டம்) எது? எத்தனை லெவல் (செங்குத்து அடுக்கு)? பார்க்கிறது டி2வா (2 மீட்டர் உயரக் காற்று வெப்பநிலை), டிஎஸ்கேவா (தரைப்பரப்பு வெப்பநிலை)? "ராத்திரி"ன்னா எத்தனை மணி? "வெளி"ன்னா எந்த ஊரு?

உப்புக்காற்று:
சென்னைன்னா முதல்ல கடலைப் பாருங்க. எஸ்எஸ்டி_அப்டேட் (கடல் வெப்பநிலையைப் புதுப்பிக்கிற தேர்வு) 0ல இருந்தா முதல் நாள் கடல் வெப்பநிலையே கடைசிவரை உறைஞ்சு நிக்கும். 1 ஆக்கினா ரியல் (ஆரம்ப நிலையைத் தயார் பண்ற நிரல்) தர்ற டபிள்யூஆர்எஃப்லோஇன்ப் கோப்பும் வேணும். செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளையும் பாருங்க. மெட்கிரிட் (வானிலைத் தரவைக் கட்டத்துல பொருத்துற நிரல்) பக்கத்துக் கடல் வெப்பநிலையை எடுத்து ஏரிக்கு வச்சுடும். ஏவிஜி_டிஎஸ்எஃப்சி ஓட்டித் தினசரி சராசரியைக் கொடுத்தாத்தான் சரியாகும்.

பழையகை:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. யூசர்ஸ் கைடுன்னு ஒண்ணு இருக்கு தம்பி, இலவசம்தான். லெவல் எண்ணிக்கையைக்கூடச் சொல்லாம உதவி கேட்டா நாங்க என்ன ஜோசியமா பார்க்கிறது?

வெயில்மீட்டர்:
சாரி. 4.5, நகர இயற்பியல் 3 (பிஇஎம், கட்டட ஆற்றலையும் கணக்கு போடுறது), பிபிஎல் போலாக், 35 லெவல். டி2, 21 மணி. வெளி ஸ்ரீபெரும்புதூர்.

பழையகை:
35 லெவலை டிஃபால்ட்டா விட்டிருப்பீங்க. அப்ப டிஇசட்பாட் 50, அதாவது அடி அடுக்கே 50 மீட்டர். சென்னையில பெரும்பகுதி எல்சிஇசட் 3 (நெருக்கமான தாழ்ந்த கட்டடங்கள்), வீடு 10 மீட்டரைத் தாண்டாது. மொத்த வீடும் ஒரே அடுக்குக்குள்ள புதைஞ்சிருக்கு. பல அடுக்குல கணக்கு போடத்தான் பிஇபி (இயற்பியல் 2), பிஇஎம் எல்லாம். டிஇசட்பாட்டை 10 பக்கம் இறக்கி, லெவலை 50க்கு மேல ஏத்துங்க. ஆர்எஸ்எல் கோப்புல (ரன் பதிவு) சிஎஃப்எல்னு (நேரப்படி பெருசானா வர்ற எச்சரிக்கை) தேடிப் பார்த்துட்டு நேரப்படியைக் குறைங்க. 9 கிமீ வெளிக்கட்டத்துக்கு 54 நொடி மேல்வரம்பு, 45 வச்சா நிம்மதி.

நிரல்பூனை:
21 மணி கோப்புல இருக்கிற 21ஆ? அது யுடிசி (உலகப் பொது நேரம்). நம்ம நேரம் விடிகாலை 2:30. மணிக்கொரு தடவை எழுதினா எல்லாமே அரைமணியில வந்து விழும், நிலைய அளவோட ஒப்பிடறப்ப கவனம்.

வடக்குவாசல்:
ஏசி கழிவு வெப்பத்தை விட்டுட்டீங்க. யுஆர்பிபார்ம்ங்கிற நகர அளவுரு அட்டவணையில ஏஹெச்ஆப்ஷன் (மனுஷங்க உண்டாக்குற வெப்பத்துக்கான தேர்வு) 1 வச்சு எண்ணை ஏத்துங்க, ராத்திரி தானா சூடாகும்.

நிரல்பூனை:
அது இயற்பியல் 1க்கு மட்டும். பிஇஎம் ஏசி வெப்பத்தைத் தானே கணக்கு போட்டு வெளிய தள்ளுது. சிஓபி (ஏசியோட திறன் விகிதம்) 3.5ன்னா அறையிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு 3.5 பங்குக்கும் தெருவுக்கு 4.5 பங்கு.

வடக்குவாசல்:
அதுலதான் எனக்குச் சண்டையே. டிஃபால்ட்டுல 0 முதல் 24 மணி வரைக்கும் எல்லாக் கட்டடத்துலயும் ஏசி, 25 டிகிரி வாக்குல. வியாசர்பாடியில எந்த வீட்டுல ஓடுது அப்படி?

பழையகை:
அதுக்காக ஏசியே இல்லைன்னு வச்சா அண்ணா சாலை ஆபீஸ் எல்லாம் எங்க போகும்? வகுப்புவாரியா நேரத்தை மாத்தத் தெரியணும்.

வடக்குவாசல்:
நேரம் வகுப்புவாரியா மாறும் சரி. ஒரே வகுப்புல பாதி வீட்டுக்கு ஏசி, பாதிக்கு ஃபேன்னு எப்படிப் பிரிப்பீங்க?

கூட்டல்கழித்தல்:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. வெயில்மீட்டர், என்சிடிஃப் (ரெண்டு கோப்பைக் கழிக்கிற கருவி) வச்சு ரெண்டு ரன்னோட டி2வைக் கழிச்சுப் பாருங்க. அந்த "ரெண்டு எரர்" என்ன, அப்படியே போடுங்க.

வெயில்மீட்டர்:
கழிச்சா எல்லாக் கட்டமும் 0. முதல் எரர் ரியல்ல: நேம்லிஸ்ட்ல நிலவகை 61, கோப்புல 21, பொருந்தலைன்னு. 21ன்னு மாத்தினேன். அடுத்தது டபிள்யூஆர்எஃப்ல: பழைய 3 நகர வகுப்போட எல்சிஇசட் அட்டவணையை எடுக்கிறே, யூஸ்_வுடாப்ட்_எல்சிஇசட் 0 வைன்னு. அதுவே சொல்லுச்சேன்னு வச்சேன்.

கூட்டல்கழித்தல்:
விஷயமே இதுதான். உள்ளீடு ஒரு துளி மாறியிருந்தாலும் சில மணி நேரத்துல கடைசித் தசமமாவது ஆடியிருக்கும். எல்லா இடத்துலயும் சுத்தமா 0ன்னா ரெண்டும் ஒரே ரன். எல்சிஇசட் உள்ள போகவே இல்லை. எரர் ரெண்டும் அதைத்தான் கத்திச் சொல்லுச்சு, நீங்க வாயை மூடிட்டீங்க.

டபிள்யூ2டபிள்யூ உங்க பழைய ஜியோ_இஎம் நிலத்தரவுக் கோப்பைத் தொடாது. உள் டொமைனுக்கு ஜியோ_இஎம்.டி03_எல்சிஇசட்_பாராம்ஸ், வெளி டொமைன்களுக்கு _61னு முடியுற கோப்புகள்னு புதுசா எழுதும். மெட்கிரிட் தேடுறது ஜியோ_இஎம்.டி03ங்கிற பேரை மட்டும். கிடைச்ச பழசை எடுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிடும். பழசை வேற ஃபோல்டருக்கு நகர்த்தி, மூணு டொமைனுக்கும் புதுசைப் பழைய பேர்ல வைங்க. மெட்கிரிட்ல இருந்து மறுபடி ஓட்டுங்க. ரியல் மட்டும் ஓட்டினா பத்தாது. நேம்லிஸ்ட்ல நிலவகை 61, யூஸ்_வுடாப்ட்_எல்சிஇசட் 1. பெரிய ரன்னுக்கு முன்னாடி டபிள்யூஆர்எஃப்இன்புட்_டி03ஐத் திறந்து பாருங்க. எல்யூ_இண்டெக்ஸ்ல (நிலவகை எண்) 51 முதல் 60 வரை எண்கள் தெரியணும். எஃப்ஆர்சி_யூஆர்பி2டி (கட்டத்துல நகரத்தோட பங்கு) கட்டத்துக்குக் கட்டம் மாறணும். இப்ப உங்களுக்கு நகரம் முழுக்க ஒரே எண்தான் இருக்கும், அதான் தி.நகரும் அடையாறும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி.

பழையகை:
லெவல் விஷயம் அதனால தப்பாயிடாது.

கூட்டல்கழித்தல்:
தப்புன்னு யார் சொன்னா? அதுவும் வேணும், ஆனா இதுக்கப்புறம்.

உப்புக்காற்று:
ஏரியையும் மறந்துடாதீங்க.

வெயில்மீட்டர்:
பேர் மாத்தவே இல்லை. இப்ப 51–60 தெரியுது. முதல் 6 மணி ஓடியிருக்கு, தி.நகர் தனியா நிக்குது. நன்றி எல்லாருக்கும்.

நிரல்பூனை:
முதல் 24 மணியை வார்ம்-அப்னு கழிச்சிடுங்க. 6 மணிப் படத்தைக் கைடுகிட்ட காட்டிடாதீங்க.

வடக்குவாசல்:
பழையகை சார், அந்தப் பாதி ஃபேன் வீட்டுக்கு இன்னும் பதில் வரலை.