மூலைவிட்டத்தில் மடித்துப் பார்த்தவர்கள்: சமச்சீர் கோடு பற்றிய அனுபவங்கள்

பகிர்ந்தவர்: நடுநிலைப்பள்ளிக் கணித ஆசிரியை

ஒரு வடிவத்தை எந்தக் கோட்டில் மடித்தால் இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துமோ, அதுவே சமச்சீர் கோடு. ஆறாம் வகுப்பில் செவ்வகத்துக்கு எத்தனை சமச்சீர் கோடுகள் என்று கேட்டால், ஒவ்வோர் ஆண்டும் பாதி வகுப்பாவது நான்கு என்றுதான் எழுதும். நடுவே நெடுக்காகவும் குறுக்காகவும் செல்லும் இரண்டோடு மூலைவிட்டங்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்வார்கள். சிவப்பு மையால் இரண்டு என்று திருத்திவிட்டு நகர்வதே நெடுநாள் என் வழக்கமாக இருந்தது. ஒரு மாணவி மட்டும் விடவில்லை. ஏ4 தாள் ஒன்றை மூலைவிட்டத்தில் கத்தரித்து, ஒரு முக்கோணத்தின்மேல் மற்றொன்றை வைத்து, "டீச்சர், அச்சாகப் பொருந்துகிறதே, பிறகு ஏன் தவறு?" என்று என் மேசைக்கே வந்து நின்றாள்.

இரண்டும் சர்வசமம், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே, என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைப் பொருத்துவதற்கு அவள் கை என்ன செய்தது என்பதைக் கவனித்தபோதுதான் குழப்பத்தின் வேர் எனக்கே பிடிபட்டது. வெட்டிய துண்டை அவள் புரட்டவே இல்லை; மேசைமீதே அரைச் சுற்றுச் சுழற்றி வைத்திருந்தாள். சமச்சீர் கோடு கேட்பதோ புரட்டலை. இன்னொரு தாளை வெட்டாமல் அதே கோட்டில் மடிக்கச் சொன்னேன். இரண்டு மூலைகள் முயல் காதுகளைப் போல வெளியே துருத்திக்கொண்டு நின்றன. 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தத் தாளில், மூலைவிட்டம் மூலையின் 90 டிகிரியை ஏறத்தாழ 35, 55 என்று பங்கிடுகிறது. ஒரு மூலை வழியே செல்லும் கோடு சமச்சீர் கோடாக வேண்டுமானால், அந்தக் கோணத்தை அது சரிபாதியாக்கியே தீர வேண்டும். நீளத்தில் மிகுந்திருந்ததை நறுக்கித் தாளைச் சதுரமாக்கியதும் காதுகள் மறைந்தன, நான்கு கோடுகளும் கிடைத்தன. இணைகரத்துக்கு ஒரு கோடுகூட இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே ஒன்றை வெட்டி, நான்கைந்து விதமாக மடித்துப் பார்த்துவிட்டு, சற்று ஏமாற்றத்தோடு அறிவித்தாள்.

பகிர்ந்தவர்: தையற்கடை நடத்துபவர்

டீச்சர் அம்மா குறிப்பிட்ட புரட்டல், நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு ரவிக்கைத் துணியைக் காவு வாங்கியது. ரவிக்கையின் முதுகுப் பகுதியை வெட்டும்போது, துணியை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்தில் பாதிக் கழுத்தை மட்டும் வரைந்து வெட்டுவோம். விரித்தால் முழுக் கழுத்தும் பிசகில்லாமல் வந்துவிடும். மடிப்புதான் அங்கே சமச்சீர் கோடு. கைக்கு இது செல்லாது. கையின் முன்பக்க வளைவைப் பின்பக்கத்தைவிடச் சற்று ஆழமாக வெட்ட வேண்டும் என்பதால், தனிக் கை ஒன்றுக்குச் சமச்சீர் கோடு கிடையாது. இடக்கையும் வலக்கையும்தான் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். நானோ பேப்பர் கட்டிங்கைப் புரட்டிப் போட மறந்து, ஒற்றைத் துணியில் ஒரே வாக்கில் இரண்டு முறை வரைந்து வெட்டிவிட்டேன். இரண்டும் இடக்கைகளாக வந்தன. இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும் துணியென்றால் ஒன்றைத் திருப்பித் தைத்துச் சமாளித்திருக்கலாம். அதுவோ ஒருபக்கம் மட்டும் பூ அச்சிட்ட துணி.

பகிர்ந்தவர்: கோலம் கற்பிக்கும் இல்லத்தரசி

புள்ளி வைக்கும்போதே கோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம். நடுவில் 7 புள்ளியில் தொடங்கி, இருபுறமும் ஊடுபுள்ளியாக, அதாவது முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக, 4 வரை வைத்தால் மொத்தம் 37 புள்ளிகள் அறுகோணமாக அமையும். அடுத்தடுத்த புள்ளிகள் மூன்றும் சமபக்க முக்கோணமாக நிற்கும்படி வைத்தால் அந்த அமைப்புக்கு 6 சமச்சீர் கோடுகள் உண்டு. வரிசைகளுக்கு இடையே கொஞ்சம் கூடுதலாக இடம்விட்டாலும் போதும், 2 கோடுகள்தான் மிஞ்சும். ஆறிதழ்ப் பூவும் நீண்டு கோணலாகத் தெரியும். மார்கழிக் குளிரில் அவசரமாகப் புள்ளி வைக்கும் நாள்களில் எனக்கே இது நேர்வதுண்டு.

மகளுக்குச் சொல்லித் தந்தபோது இன்னொன்று நடந்தது. காற்றாடி போல ஒரே திசையில் வளைந்து செல்லும் சிக்குக் கோலம் ஒன்றில் கால் பங்கை நான் வரைந்து கொடுத்தேன். அவள் அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மறுபக்கம் திருப்பி வரைந்தாள். இழைகள் ஒன்றோடொன்று சேராமல் முட்டி நின்றன. அந்தக் கோலத்துக்குச் சுழல் சமச்சீர் மட்டுமே உண்டு, மடிக்கும் கோடு ஒன்றுகூட இல்லை. கால் பங்கைத் திருப்பாமல், தரையிலேயே கால் சுற்றுச் சுழற்றி வரையச் சொன்ன பிறகுதான் கோலம் மூடியது.

பகிர்ந்தவர்: பெயர்ப்பலகை எழுதுபவர்

ஆய்த எழுத்தை எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான். ஃ என்பதன் மூன்று புள்ளிகளும் ஒரே அளவில், சமபக்க முக்கோணமாக அமைந்தால் 3 கோடுகள். மேற்புள்ளியை நேராகச் சற்று உயர்த்தினால் 1. பக்கவாட்டில் நகர்த்தினால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். அப்படி நகர்ந்த ஒரு பலகையைக் கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லத் தெரியாமலேயே, "ஏதோ சரியில்லை, மாற்றி எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்.