ஏர்போட்டில் போய்ச் சுட்ட நீலத் தாழைக்கோழி

வெஸ்டன், புளோரிடா:
சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பில் சாலையோரமாக நின்றே பார்த்துவிடலாமே, அதே நீலத் தாழைக்கோழிதான். இங்கே தெற்கு புளோரிடாவில் அது அழையா விருந்தாளி. 1996இல் பெம்ப்ரோக் பைன்ஸ் பக்கம் முதலில் தென்பட்டது. யாரோ வளர்த்தது தப்பியிருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கிருந்து எவர்கிளேட்ஸ் என்ற பெரும் சதுப்புநிலத்தின் ஓரத்துச் செயற்கைச் சதுப்புகளுக்குள் போய்விட்டது. கரும்பு வயல்களிலிருந்து வடியும் நீரில் உள்ள பாஸ்பரஸை நீர்ச்செடிகள் இழுத்துக்கொள்ளட்டும் என்று அரசு அமைத்த சதுப்புகள் அவை. இந்தப் பறவைக்கோ அந்தச் செடிகளின் குருத்துதான் சாப்பாடு. அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? 2006 முதல் 2008 வரை ஏர்போட் என்ற விசிறிப் படகில் போய் 3,000க்கும் மேல் சுட்டார்கள். கூண்டோடு ஒழிக்க முடியவில்லை, கைவிட்டார்கள்.

நான் ஏறியது சுற்றுலா ஏர்போட். அடி தட்டை, பின்னால் கூண்டுக்குள் விமானத்தில் இருப்பது போன்ற விசிறி, அதற்கும் பின்னால் சுக்கான். பிரேக் கிடையாது, ரிவர்ஸும் கிடையாது. சில அங்குலத் தண்ணீர் இருந்தால் போதும், புல்மேலும் வழுக்கிக்கொண்டு ஓடும். சாதாரண மோட்டார் படகு போனால் கொடி சுற்றி நின்றுவிடும். ஆனால் சத்தம்! காதுக்கு மூடி கொடுக்கிறார்கள், அப்படியும் அதிர்கிறது. தூரத்தில் நாங்கள் வரும்போதே தாழைக்கோழிகள் சம்பங்கோரைக்குள் ஓடிவிட்டன. பறக்கக்கூட இல்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்று வெளியே வந்து, ஒரு தண்டைப் பிடுங்கிக் காலால் பிடித்துக்கொண்டு, நிதானமாகக் கடித்துத் தின்றது. சதுப்புக்குள் போய்ச் சேர இதைவிட நல்ல வண்டி இல்லை, ஆனால் கோரைக்குள் ஒளிந்ததை இதை வைத்து எப்படித் தேடுவது என்றுதான் தோன்றியது.

திருச்சூர்:
கேரளாவின் கோள் நிலத்து, அதாவது நீர் தேங்கும் தாழ்வான நெல்வயல் விவசாயிகளைக் கேளுங்கள், அவர்களுக்கும் இந்தத் தாழைக்கோழிமேல் கோபம் உண்டு. நெற்பயிரைப் பிடுங்கிப் போட்டுவிடும். ஆனால் இங்கே இது சொந்த ஊர்ப் பறவை, சட்டப்படி கொல்லவும் முடியாது. பட்டாசு வெடித்து விரட்டுவார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் அடுத்தவர் வயலில் இறங்கும். அப்புறம் அவர் வெடிக்க வேண்டியதுதான்.

டாம்பா:
சுடுவதில் இன்னொரு சங்கடம், புளோரிடாவிலேயே இதன் உறவுக்காரப் பறவை ஒன்று இருக்கிறது. அதுவும் ஊதா நிறம்தான். அதன் கால் மஞ்சள், நெற்றி வெளிர்நீலம். வந்தேறிக்குக் காலும் நெற்றியும் சிவப்பு, உடம்பும் பெரிது. ஓடுகிற படகில் இருந்து இதைப் பிரித்துப் பார்க்க நல்ல கண் வேண்டும். 2013இல் அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கம் இந்த வந்தேறியைத் தன் வட அமெரிக்கப் பறவைகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் கேமராவோடு வருகிறார்கள். ஒரு காலை நேரத்தில் பெம்ப்ரோக் பைன்ஸ் குளங்களைச் சுற்றி நடந்தாலே போதும், படகெல்லாம் தேவையில்லை.