புதுப்பிப்பு: சேலம் – லே பைக் பயணம், போய்ச் சேர்ந்துவிட்டோம்

போன மாதம், பெரிய திட்டமில்லாமல் சேலத்திலிருந்து லடாக்கில் இருக்கும் லே வரை பைக்கில் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, நேற்று மாலை லே வந்துவிட்டோம்.

டெல்லி வரை வழி கேட்கவே தேவைப்படவில்லை. 44ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று அதுவே கூட்டிக்கொண்டு போய்விடும், இருட்டியதும் கிடைத்த ஊரில் தங்கினோம்.

ஆனால் மணாலிக்கு அப்புறம் அப்படிப் போகக் கூடாது. அடல் சுரங்கத்தைக் கடந்ததும் ‘தாண்டி’ என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க், அங்கே "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பத்து லிட்டர் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டோம், அது இல்லாவிட்டால் நடுவழியில் நின்றிருப்போம்.

நாங்கள் செய்த தவறு, மணாலியிலிருந்து ஒரே நாளில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் சர்ச்சு போய்த் தூங்கியது. அங்கே காற்றழுத்தம் குறைவு, பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டே பலூன் மாதிரி உப்பிவிட்டது. என் தம்பிக்கு ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி, நான் அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தயவுசெய்து வழியில் உயரம் குறைவாக இருக்கும் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேண்டும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். இரண்டு நாள் ஓய்வு, பிறகு கார்கில், ஸ்ரீநகர் வழியாகத் திரும்புகிறோம்.