டோர்னியர் 228: எஞ்சின் ஓடுகிறது, விமானம் நகரவே இல்லை

வான்பிரியன்:
வணக்கம். வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டுபவன் நான். இரண்டு வருடமாக ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானம் மட்டும்தான். போன வாரம் டோர்னியர் 228 என்ற இன்னொரு விமானத்தை வாங்கிப் போட்டேன். எஞ்சின் இரண்டும் ஸ்டார்ட் ஆகின்றன. பிரேக்கை விட்டுப் பவர் லீவரை முன்னால் தள்ளினால் காது கிழியும் சத்தம், ஆர்பிஎம் (சுற்று வேகம்) ஏறுகிறது, ஆனால் புரொபெல்லருக்குப் போகும் முறுக்கு விசையைக் காட்டும் டார்க் முள் அசையவில்லை. விமானம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒருமுறை இடது பக்கமாகச் சுழன்று புல்லுக்குள் போய்விட்டது. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றியும் பார்த்தேன். என்ன தப்பு செய்கிறேன்?

பழைய ஃபிட்டர்:
தம்பி, மென்பொருளில் கோளாறு இல்லை. ஸ்டார்ட் லாக்கை நீங்கள் விடுவிக்கவில்லை.

ட்வின் ஆட்டரில் இருப்பது பிடி6 எஞ்சின். அதில் காற்றை அமுக்கும் பகுதி தனி, புரொபெல்லரைச் சுற்றும் டர்பைன் தனி. நடுவில் தண்டு இணைப்பே கிடையாது, வெறும் சூடான காற்றுதான். டோர்னியரில் இருக்கும் கேரட் டிபிஇ331 எஞ்சின் அப்படியல்ல. டர்பைன், கம்ப்ரெசர், கியர் பெட்டி, புரொபெல்லர் எல்லாம் ஒரே தொடராகப் பிணைந்தவை. உள்ளே நிமிடத்துக்கு 41,000 சுற்றுக்கு மேல் ஓடும் தண்டைச் சுழற்ற வேண்டுமென்றால் ஸ்டார்ட்டர் புரொபெல்லரையும் சேர்த்தே சுழற்றியாக வேண்டும். புரொபெல்லரின் இறக்கை காற்றை வெட்டும் கோணத்தில் இருந்தால் அந்தச் சுமையை ஸ்டார்ட்டரால் தாங்க முடியாது. அதனால் அந்த இறக்கைகளைத் தட்டையான கோணத்தில், பின் என்னும் சிறு பூட்டு ஊசி போட்டு நிறுத்தி வைப்பார்கள். அந்தப் பின்தான் ஸ்டார்ட் லாக்.

ஸ்டார்ட் ஆனதும் பவர் லீவரை ஒரு கணம் ரிவர்ஸ் (பின்னோக்கித் தள்ளும் நிலை) பக்கம் இழுங்கள். பின்மேல் இருக்கும் அழுத்தம் தளர்ந்து, சுழற்சி வேகத்திலேயே அது வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் விடுபட்டதா என்று பார்த்த பிறகுதான் டாக்ஸி, அதாவது தரையில் நகர்வது. உங்கள் விமானம் இடப்பக்கம் சுழன்றதற்கும் இதுதான் காரணம்: வலது லாக் விடுபட்டிருக்கிறது, இடது விடுபடவில்லை.

வான்பிரியன்:
ஐயா, நகர்ந்துவிட்டது! மிக்க நன்றி. ஆனால் அடுத்த சிக்கல். நேற்று இறங்கி எஞ்சினை அணைத்துவிட்டுப் போனேன். இன்று ஸ்டார்ட் செய்தால் ஆர்பிஎம் பாதியிலேயே திணறுகிறது, வெப்பம் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. பயந்து நிறுத்திவிட்டேன்.

பழைய ஃபிட்டர்:
நிறுத்தியது மிகச் சரி. நிஜ எஞ்சினாக இருந்தால் அந்த வெப்பத்தில் டர்பைன் கெட்டிருக்கும்.

அணைக்கும்போது லீவரை ரிவர்ஸுக்கு இழுத்துப் பிடித்தீர்களா? இல்லை என்று நினைக்கிறேன். எரிபொருளை நிறுத்தியபின் சுற்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்தால்தான் பின் உள்ளே விழும். செய்யாவிட்டால் எண்ணெய் அழுத்தம் குறைந்து இறக்கைகள் ஃபெதர் நிலைக்கு, அதாவது விளிம்பு முன்னால் பார்க்கும் நிலைக்குப் போய்விடும். இப்போது அன்ஃபெதர் பம்ப் சுவிட்ச் உங்களுக்கு உதவும். பவர் லீவரை முழு ரிவர்ஸில் வைத்துக்கொண்டு அதை அழுத்துங்கள், இறக்கை தட்டையானதும் லாக் விழும், அப்புறம் வழக்கம்போல ஸ்டார்ட்.

நிறுத்தி வைத்த விமானங்களின் படங்களைப் பாருங்கள். ட்வின் ஆட்டரின் புரொபெல்லர் இறக்கைகள் விளிம்பைக் காட்டிக்கொண்டிருக்கும், டோர்னியரின் புரொபெல்லர் இறக்கைகள் அகலமாக முகத்தைக் காட்டும். நாங்கள் அணைத்த பிறகு புரொபெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிவிடுவோம். உள்ளே தண்டு ஒரே சீராக ஆற வேண்டும், இல்லாவிட்டால் வளையும். முதல் மாதத்திலேயே என் உள்ளங்கைக்குப் பழகிப்போன வேலை அது.

மலைக்காற்று:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சடங்கு வேண்டியிருக்கிற எஞ்சினை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பிடி6 எளிதுதானே? ட்வின் ஆட்டர் 1965இல் பறந்தது, இன்றும் மாலத்தீவில் மிதவை கட்டிக்கொண்டு பறக்கிறது.

பழைய ஃபிட்டர்:
நல்ல கேள்வி. ட்வின் ஆட்டரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பனி, தண்ணீர், கல் மேடு எதிலும் இறங்கும், பராமரிக்கவும் சுலபம். மிதவை வேண்டுமென்றால் நானும் அதைத்தான் கேட்பேன்.

டோர்னியர் நிறுவனத்தார் நோக்கம் வேறு. குட்டை ஓடுதளத்திலும் இறங்க வேண்டும், அதே சமயம் வேகமாகவும் சிக்கனமாகவும் போக வேண்டும். அதற்காக (புரொபெல்லருக்கு அல்ல) விமானத்தின் பக்க இறக்கைக்கே புதிய வடிவம் ஒன்றை உருவாக்கி, 1979இல் பழைய டோ 28 விமானத்தில் பொருத்திச் சோதித்தார்கள். முனை கூராகச் சாய்ந்திருக்கும் அந்த இறக்கைதான் 228இன் உயிர். 1981 மார்ச் 28 அன்று 228-100 பறந்தது, மே மாதம் நீளமான 228-200. முதலாவதில் 15 பேர், இரண்டாவதில் 19 பேர். சக்கரமும் உள்ளே மடங்கும். கேரட் எஞ்சினில் எரிபொருள் குறைவு. அதோடு எப்போதும் உயர் சுற்றிலேயே ஓடுவதால், லீவரைத் தள்ளிய உடனே சக்தி கிடைக்கும். மலை நடுவே இறங்கும்போது திரும்பி ஏற வேண்டி வந்தால் அதன் அருமை தெரியும்.

1983இல் இந்திய விமான நிறுவனமான எச்ஏஎல் உரிமம் பெற்று, பிறகு கான்பூரில் கட்டத் தொடங்கியது. கடலோரக் காவல்படைக்கு ரேடாருடன் ரோந்து, எண்ணெய்க் கசிவு கண்காணிப்பு, கடலில் தொலைந்தவர்களைத் தேடுவது. 2022 ஆகஸ்ட் 15 அன்று இலங்கைக்கும் ஒரு டோர்னியரை இந்தியா கொடுத்தது. ஜெர்மானியர்கள் இதை அண்டார்டிகாவுக்கே கொண்டு போனார்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் போலார் 3 என்ற விமானம் 1985 பிப்ரவரியில் மேற்கு சகாராவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது, மூன்று பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி இன்றும் மனதை உறுத்தும்.

வான்பிரியன்:
ஐயா, அன்ஃபெதர் பம்ப் வேலை செய்தது. இரண்டு லாக்கும் விழுந்தன, ஸ்டார்ட்டும் சுத்தமாக ஆனது. திப்ருகரிலிருந்து பாசிகாட் போய் இறங்கினேன், அலையன்ஸ் ஏர் 2022 ஏப்ரலில் கான்பூர் டோர்னியரை வைத்துத் தொடங்கிய அதே வழித்தடம். இறங்கி அணைக்கும்போது ரிவர்ஸை மறக்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: தரையைத் தொடுவதற்கு முன்பே லீவரை ரிவர்ஸுக்கு இழுத்தால் என்ன ஆகும்?

பழைய ஃபிட்டர்:
அதை மட்டும் சிமுலேட்டரில்கூடப் பழகாதீர்கள் தம்பி. இறக்கை தட்டையானதும் புரொபெல்லர் பெரிய தட்டு போலக் காற்றைத் தடுக்கும், விமானம் கல்லாக விழும். லீவரில் ஃபிளைட் ஐடில் தடுப்பு (பறக்கும்போது அதற்குக் கீழே இழுக்க விடாத தடை) இருப்பதே அதற்காகத்தான். சக்கரம் ஓடுதளத்தில் உட்கார்ந்த பிறகு தூக்கி இழுங்கள்.