1983இல் 47,500 ரூபாய்: காரின் விலை உண்மையிலேயே ஏறியிருக்கிறதா?

பொருநைச்செல்வன் கேட்கிறார்:

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரின் விலை 47,500 ரூபாய் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். இன்று அதே நிறுவனத்தின் ஆல்டோ கே10, 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைக்கப்பட்ட பிறகும், ஷோரூம் விலையிலேயே மூன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டுப் பெரியவர்கள் "அந்தக் காலத்தில் ஐம்பதாயிரத்துக்குக் கார் கிடைத்தது" என்கிறார்கள். ஆனால் அப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கார் இல்லை. இப்போது நிறுத்த இடமில்லாத அளவுக்கு நிற்கின்றன. விலை ஏழு மடங்குக்கு மேல் ஏறிய பொருளை முன்பைவிட அதிகமானோர் வாங்குவது எப்படி என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

கணக்கர் எழுதுகிறார்:

ஐயா, ரூபாயை ரூபாயோடு நேராக ஒப்பிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. வருமான வரிக்காக அரசு வெளியிடும் பணவீக்கக் குறியீட்டு எண்ணைக் கொண்டு பார்ப்போம். பழைய வரிசையில் 1983-84க்கு 116, 2001-02க்கு 426; புதிய வரிசையில் 2001-02ஐ 100 என வைத்துக்கொண்டால் 2024-25க்கு 363. இரண்டையும் இணைத்தால் ஏறத்தாழ 13 மடங்கு வருகிறது. அதாவது அன்றைய 47,500 ரூபாய் இன்றைய மதிப்பில் ஆறே கால் லட்சத்துக்கும் அதிகம். அந்த அளவுகோலில் தொடக்கநிலைக் காரின் விலை ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

வருமானத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் பெரிது. 1983இல் நாட்டின் தனிநபர் ஆண்டு வருமானம் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒரு காரின் விலை சராசரி மனிதரின் இருபது ஆண்டு வருமானத்துக்குச் சமம். இன்று அந்த வருமானம் இரண்டு லட்சத்தை ஒட்டி இருப்பதால், ஏறத்தாழ இரண்டு ஆண்டு வருமானத்தில் அடங்கிவிடுகிறது. உங்கள் தெருவில் அன்று கார் இல்லாததற்கு இதுவே போதுமான விடை என்று நினைக்கிறேன்.

பழைய பட்டறைக்காரர் எழுதுகிறார்:

கணக்கர் சொல்வது சரி. ஆனால் வெறும் விலைக் கணக்கோடு நிறுத்துவது போதாது. மாருதிக்கு முன்பு பணம் வைத்திருந்தவருக்கும் கார் எளிதில் கிடைத்ததில்லை. எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை அரசு கொடுத்த உரிமம் தீர்மானித்தது. 1969 முதல் சில ஆண்டுகள் விற்பனை விலையையும் அரசே நிர்ணயித்தது. கொல்கத்தா அருகிலுள்ள உத்தர்பாராவின் அம்பாசடர், மும்பையின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்ட் ஆகியவற்றைத் தவிர வாங்குவதற்கு வேறு கார்கள் ஏறக்குறைய இல்லை. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றான பிறகுதான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், மறைமலைநகர் போர்டு போன்ற ஆலைகள் வந்தன. போட்டி விலையை அடக்கி வைத்தது. வங்கிக் கடன் மாதத் தவணையாக அதைப் பிரித்துக் கொடுத்தது.

காரும் அதே காராக இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொடக்ககால 800இல் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், நான்கு கியர் ஆகியவை இருந்தன. மோதலில் பயணியைக் காக்கச் சிறப்பு ஏற்பாடு என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் இல்லை. பின்னர் ஒவ்வொரு விதியும் ஒரு பாகத்தைச் சேர்த்தது. 1995இல் பெருநகரங்களில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. புகை விதிகள் இறுகியபோது கார்புரேட்டரின் இடத்தில் எரிபொருள் இன்ஜெக்ஷன் வந்தது. 2019இல் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும், 2022இல் முன்னிருக்கைப் பயணிக்கும் ஏர்பேக்கும் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 என்ற புகை விதிக்கு ஏற்பச் சிறிய டீசல் எஞ்சினை மாற்றுவது கட்டுபடியாகாமல் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இந்தச் செலவுகளை வீண் என்று சொல்பவர்களுடன் என்னால் உடன்பட முடியவில்லை. நசுங்கிப் போன பழைய கார்களைப் பட்டறையில் பிரித்துப் பார்த்தவனுக்கு அந்தப் பணம் எங்கே போகிறது என்பது நன்றாகத் தெரியும்.

நொய்யல் எழுதுகிறார்:

இருவரின் விளக்கத்தையும் ஏற்கிறேன். ஆனாலும் பைக்கில் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் செல்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் சராசரி வருமானத்தை அல்ல, கையிலிருக்கும் முன்பணத்தைத்தான் பார்க்கிறார். ஷோரூம் விலையோடு, தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட காருக்கே 12 சதவீத வாழ்நாள் வரி, மூன்றாண்டுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் முதல் நாளே சேர்ந்துவிடுகின்றன. அந்தக் குடும்பத்தை எண்ணி 2009இல் வந்த டாடாவின் சிறிய கார் நானோ 2018இல் நின்றது. ஆல்டோ 800 காரும் 2023இல் நின்றுவிட்டது. ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது அவர்களுக்கு உண்மையான உதவி. மாநில வரியிலும் சிறிய கார்களுக்குச் சலுகை கிடைத்தால்தான் அது முழுமையாகும். அதுவரை, பொருநைச்செல்வன் அவர்களே, உங்கள் தெருவில் நிற்கும் கார்களில் எத்தனை முதல் கையாக வாங்கப்பட்டவை என்பதையும் விசாரித்துப் பாருங்கள்.