ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் போன் எடுக்கும் வேலை: போகலாமா, வேண்டாமா?

சிறுமலைக்காரி எழுதியது:

வணக்கம். பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு ஒன்றரை வருடமாக ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் கால் எடுக்கும் வேலைக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வியாழக்கிழமை. அப்பாவுக்கு இஷ்டமில்லை. "ராத்திரி முழுக்க அழுகைச் சத்தமா கேட்டுட்டு வந்து எப்படிம்மா சோறு இறங்கும்" என்கிறார். அம்மாவுக்கு சென்னையில் ஹாஸ்டல் என்றாலே பயம். என் பயம் வேறு. யாராவது சத்தம் போட்டால் எனக்குக் கை நடுங்கும். கடையில் ஒருவர் பாக்கிச் சில்லறைக்காகக் கத்தியதற்கே பின்பக்கம் போய் அழுதிருக்கிறேன். இந்த லட்சணத்தில் இந்த வேலைக்குப் போகலாமா? பேங்க், மொபைல் கம்பெனி கால் சென்டர் மாதிரிதானா, இல்லை முற்றிலும் வேறா? படித்த விலங்கியல் எதற்காவது உதவுமா? உள்ளே இருந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு என்று தெரியும், அதை விட்டுவிடலாம்.

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

ஆறு வருடம் இந்த வேலையில் இருந்தேன். எந்த ஊர், எந்த அறை என்று சொல்லப்போவதில்லை, அது உங்களுக்குத் தேவையும் இல்லை.

முதலில் விலங்கியல். உதவாது. உங்களுக்கு உதவப்போவது கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, டாஸ்மாக், செல்போன் டவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளியில் இருப்பவர்கள் இந்த வேலையை ஏதோ டாக்டர் வேலையில் பாதி என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி நேரம் போவது முகவரி பிடிப்பதில்தான். பதற்றத்தில் இருக்கிற மனிதருக்குத் தன் ஊர் உலகத்துக்கே தெரியும் என்று ஒரு நம்பிக்கை வந்துவிடும். "மாரியம்மன் கோயில் பக்கத்துல, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். தமிழ்நாட்டில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எது? காந்தி நகர் எத்தனை, புதூர் எத்தனை என்று யாரும் எண்ணி முடித்ததில்லை. அண்ணா நகர் என்றால் சென்னைக்காரருக்கு ஒன்று, மதுரைக்காரருக்கு ஒன்று. அதனால் மாவட்டம், தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், அப்புறம்தான் தெரு. நெடுஞ்சாலை விபத்து என்றால் எந்த ஊரைத் தாண்டி எந்த ஊர் நோக்கிப் போகிறீர்கள், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது. எந்தப் பக்கம் என்று கேட்க மறந்தால், நடுவில் தடுப்பு இருக்கிற நாலுவழிச் சாலையில் வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றுகொண்டு விபத்தைப் பார்த்துக்கொண்டே யூ டர்ன் தேடி ஓடும்.

ஒரு கால் மட்டும் சொல்கிறேன். ராத்திரி பதினொன்றே முக்கால் இருக்கும், ஒரு பையன். ஏழெட்டு வயசுக் குரல். அம்மா எழுந்திருக்கவில்லை என்றான். அழவில்லை, அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பா வெளியூர். எந்த ஊர் என்றால் "எங்க ஊரு" என்றான். தெருப் பெயர் தெரியவில்லை. வாசலில் போய்ப் பார் என்று அனுப்பலாம், ஆனால் போனை வைத்துவிட்டுப் போய்விட்டால்? டவர் காட்டுகிற இடம் கிராமத்தில் நாலைந்து கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும், அதை நம்பி வண்டியைத் தெருத்தெருவாக அலையவிட முடியாது. சட்டென்று தோன்றியது, "ஸ்கூல் பை எங்க இருக்கு? டைரி எடு" என்றேன். முதல் பக்கத்தில் முகவரி இருந்தது. அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். 'குறுக்குத் தெரு' என்ற வார்த்தையை முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நினைக்கிறீர்கள்? அந்த நேரம் முழுக்க நான் குறுக்கே பேசாமல் இருந்ததுதான் ஆறு வருடத்தில் நான் செய்த கஷ்டமான வேலை. கேஸ் முடிந்தபோது திரையில் வந்தது ஒரே வரி, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார் என்று. அதற்கு மேல் நமக்கு எதுவும் வராது. யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். அடுத்த கால் அதற்குள் காதில் இருக்கும், அது பெரும்பாலும் தண்ணியடித்துவிட்டு "சும்மா பேசலாமா" என்கிற ஆளாகவே இருக்கும்.

கத்துகிறவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். கத்துகிறவர் நல்லவர். அவரிடமிருந்து விஷயம் தானாகக் கொட்டும், நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே கேள்வியை அதே குரலில், அதே வார்த்தையில் மூன்று முறை கேட்டால் மூன்றாவது முறை பதில் வந்துவிடும். குரலை மட்டும் நீங்களும் உயர்த்தக் கூடாது. எனக்குப் பயம் தருகிறவர்கள் நிதானமாகப் பேசுகிறவர்கள்தான். "ஒண்ணும் இல்லம்மா, அவரு நல்லா தூங்குறாரு, ஆனா குறட்டை ஒரு மாதிரியா விட்டு விட்டு வருது" என்று ஒரு பாட்டி சொன்னார். அது குறட்டை இல்லை. இதயம் நின்ற பிறகு சில நிமிடங்கள் அப்படி இழுத்து இழுத்து ஒரு மூச்சு வரும். நினைவில்லை, மூச்சு சாதாரணமாக இல்லை, இந்த இரண்டும் சேர்ந்தால் உடனே நெஞ்சை அமுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஆளைத் தரையில் இறக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கயிற்றுக் கட்டிலில் வைத்து அமுக்கினால் கட்டில்தான் அமுங்கும். நெஞ்சின் நடுவில், சுமார் 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. போனில் நாமும் கூடவே எண்ண வேண்டும். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு. வண்டி வரும் வரை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகும்போதும் வாய் எண்ணிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, நம் ஊர் வைத்தியங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வலிப்பு என்றால் கையில் இரும்புச் சாவி. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டு. பூச்சிமருந்து குடித்தால் சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை. "சாவியை யாராவது வைச்சுக்கட்டும், நீங்க அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வலிப்பு எப்போ ஆரம்பிச்சதுன்னு மணி பாருங்க" என்று சண்டை போடாமல் சொல்லத் தெரிந்தால் போதும். மருந்து குடித்தவரிடம் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், பாட்டிலைக் கையோடு எடுத்து வாருங்கள் என்று சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் உள்ளேயே இருக்கிற டாக்டரை லைனில் சேர்க்கலாம்.

பேங்க் கால் சென்டர் மாதிரியா? ஹெட்செட், சுழலும் நாற்காலி, கால் ரெக்கார்டிங், இந்த மூன்றும் ஒன்றுதான்.

மூணாவது_மாடி எழுதியது:

நான் வண்டியில் போகிற இ.எம்.டி. (வண்டியிலேயே முதலுதவி பார்க்கிற ஆள்). மேலே எழுதியவர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி வேலைக்குப் போனால் உபயோகப்படும். நீங்கள் டைப் அடிக்கிற ரெண்டு வரியை வைத்துக்கொண்டுதான் நானும் பைலட்டும் (டிரைவரை எங்களில் பைலட் என்றுதான் சொல்வோம்) எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று முடிவு செய்கிறோம். ஒரு தடவை "ஆண், 50, விழுந்துவிட்டார்" என்று கேஸ் வந்தது. சரி, சர்க்கரையோ தலைச்சுற்றலோ என்று போனோம். போனால் தோட்டம், சுற்றி முப்பது பேர். ஆள் விழுந்தது கிணற்றில். படிக்கட்டு இல்லாத கிணறு. எங்களிடம் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, கயிறும் ஏணியும் ஏது? அங்கிருந்து தீயணைப்புக்குப் போன் போட்டு அவர்கள் வரும் வரை மேலே நின்று "பயப்படாதீங்கய்யா, பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் பிழைத்தார், கால் எலும்பு முறிவோடு போச்சு. கூப்பிட்டவர் விழுந்துட்டார் என்றுதான் சொல்லியிருப்பார், அவர்மேல் குற்றமில்லை. எங்கே விழுந்தார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ரெண்டு வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பியிருக்கும்.

அதே மாதிரி எத்தனாவது மாடி, லிப்ட் இருக்கிறதா, ஆள் கனமானவரா. கர்ப்பிணி என்றால் எத்தனை மாதம், எத்தனாவது பிரசவம், பனிக்குடம் உடைந்ததா. ரெண்டாவது மூன்றாவது பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி வாசல் வரை காத்திருக்காது, வண்டியை ஓரம் கட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை மழையில். இது தெரிந்தால் டெலிவரி கிட்டைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்குவேன்.

கை நடுங்குவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எனக்கு இன்னும் நடுங்கும்.

பெட்டிக்கடை எழுதியது:

நான் அந்தக் கத்துகிற ஆள். ரோட்டில் என் கடை முன்னால் பைக்கும் லாரியும். பையன் ரத்தத்தில் கிடக்கிறான், நான் போன் போட்டால் அந்தப் பக்கம் பெயர் என்ன, வயசு எத்தனை, உங்க பேர் என்ன, நம்பரைச் சொல்லுங்கள் என்று ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் வாங்குவது மாதிரி. நல்லாத் திட்டிவிட்டேன். இப்போது இங்கே படித்தபின் கொஞ்சம் உறுத்துகிறது, இருந்தாலும் கேட்கிறேன்: வண்டியை முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் கேட்டால் என்ன? பெயர் சொன்னால் நாளைக்கு ஸ்டேஷன், கோர்ட் என்று அலையவிடுவார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் போனையே எடுக்கவில்லை, அதையும் சொல்லுங்கள்.

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

அண்ணே, நீங்கள் திட்டியது யாருக்கும் ஞாபகம் இருக்காது, நிம்மதியாக இருங்கள்.

எந்த இடம், என்ன நடந்தது, உங்கள் நம்பர், இந்த மூன்றும் வந்தால் வண்டியை ஒதுக்கிவிடலாம். நம்பர் எதற்கு என்றால் பாதியில் லைன் போனால் திரும்பக் கூப்பிட, அப்புறம் வண்டியில் வருகிறவர்கள் உங்களிடம் வழி கேட்க. வயசு எதற்கு என்றால் பச்சைக்குழந்தைக்கு அனுப்புகிற வண்டி வேறு, உள்ளே இன்குபேட்டர் இருக்கும். மீதிக் கேள்விகள் வண்டியில் வருகிறவர்களுக்காக, கிணற்றுக் கதையைத்தான் படித்தீர்களே. உண்மையான தாமதம் கேள்வியில் இல்லை. பக்கத்து வண்டி இன்னொரு கேஸோடு ஜி.எச்.சுக்குப் போயிருந்தால் அதற்கு அடுத்த வண்டி தூரத்திலிருந்துதான் வர வேண்டும். அதை அந்த நேரத்தில் உங்களிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்டேஷன் பயம் பழைய பயம், நியாயமான பயமும்கூட. ஆனால் 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவி செய்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதலுக்குச் சட்ட பலம் கொடுத்தது, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே வந்துவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லாமலேயே உதவலாம். செலவுக்குப் பயந்து தயங்குகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரிகளும் அதில் உண்டு. பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

ஒழுங்கை_முனை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கட 108 தமிழ்நாட்டுக்கு 2008-ல் வந்தது, அதுக்கு முதல் 2005-ல் ஹைதராபாத்தில தொடங்கினது. எங்கட ஆம்புலன்ஸுக்கு அடிக்கிற இலக்கம் 1990, இந்தியாவின் நன்கொடையில 2016-ல் மேற்கு, தென் மாகாணங்களில் தொடங்கி 2018-ல் வடக்குக்கு வந்தது. தொடக்கத்தில வேலைக்குச் சேர்ந்த பிள்ளையள் ஹைதராபாத்தில பயிற்சி எடுத்தவை, ஆகவே ஒரு வகையில நாங்கள் சொந்தக்காரர்.

நான் சொல்ல வந்தது வேற. போன வருஷம் மச்சானுக்கு நெஞ்சுவலி, நான்தான் எடுத்தனான். கதைச்ச பிள்ளை தமிழ்தான், ஆனால் எங்கட பக்கத்துப் பிள்ளை இல்லை, குரலிலேயே தெரிஞ்சுது. நான் "மடத்தடியால உள்ளுக்க வந்து ரெண்டாவது ஒழுங்கை, வளவுக்க கிணத்தடியோட இருக்கிற வீடு" எண்டு சொல்லுறன், அவவுக்கு ஒண்டும் விளங்கேல்ல. அவ கோபப்படவும் இல்லை, விளங்கின மாதிரி நடிக்கவும் இல்லை. "ஐயா, நான் அந்த இடம் பார்த்ததில்ல, பெரிய ரோட்டிலிருந்து சொல்லுங்க" எண்டா. காங்கேசன்துறை வீதியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு திருப்பமாச் சொன்னன். பிறகு ஒரு ஆளை டோர்ச் லைட்டோட சந்தியில நிக்க வைக்கச் சொன்னா. பக்கத்து வீட்டுப் பெடியன் நிண்டான். தங்கச்சி, தெரியாட்டித் தெரியாது எண்டு கேக்கிற அந்தத் துணிவு உங்களிட்ட இருந்தால் போங்கோ. மச்சான் இப்ப சுகம், சிகரெட்டைத்தான் இன்னும் விடேல்ல.

சிறுமலைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவை உட்காரவைத்து டைரிக் கதையைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் என் தம்பியின் ஸ்கூல் டைரியில் முகவரி எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். எழுதவில்லை. பேனா எடுத்து எழுதினார்.

நேற்று ராத்திரி சும்மா ஒரு ஒத்திகை பார்த்தோம். நான் கண்ட்ரோல் ரூம், அம்மா கூப்பிடுகிற ஆள். நம் வீட்டுக்கு வழி சொல்லுங்க என்றேன். "பஸ் ஸ்டாண்டிலேர்ந்து நேரா வந்து வேப்பமரத்துக்கிட்ட திரும்பணும்" என்றார். அந்த வேப்பமரத்தை ரோடு போடும்போது வெட்டி நாலு வருடம் ஆகிறது! சொன்னால், "அது எல்லாருக்கும் தெரியுமேடி" என்கிறார். வியாழக்கிழமை போகிறேன்.

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

அந்த வேப்பமரம் எனக்கும் நிறைய வந்திருக்கிறது. இடிந்துபோன தியேட்டர், மூடிவிட்ட பஞ்சாலை, பெயர் மாறிய பஸ் ஸ்டாப், எல்லாம் வரும். அம்மாவை இன்னும் ரெண்டு தடவை கூப்பிடச் சொல்லுங்கள், இந்த முறை அழுதுகொண்டே.