அன்று "தாராளமாகப் போடுங்கள்" என்றவர் இன்று பாடலை நீக்கச் சொன்னால்?

நள்ளிரவு அலைவரிசை
எந்த நிறுவனத்தையும் சாராத இசைக்கலைஞர்களை அறிமுகப்படுத்தும் பாட்காஸ்ட் ஒன்றை நான்கு ஆண்டுகளாகத் தனி ஆளாக நடத்திவருகிறேன். வருமானம் கிடையாது, செலவு உண்டு. 19-ஆவது எபிசோடில் ஒரு பெண் தன் அறையில் தானே பாடிப் பதிவுசெய்த பாடலை ஒலிபரப்பினேன். அப்போது அவர் அனுப்பிய அனுமதி ஒரே வரி: "தாராளமாகப் போடுங்கள், மகிழ்ச்சி." நேற்று இன்னொரு மின்னஞ்சல் வந்தது. இசை நிறுவனம் ஒன்று அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிடுகிறதாம். இதே பாடல் புதிய வடிவில் அதில் இருக்கிறதாம். பழையதை எடுத்துவிட வேண்டுமாம்.

எனக்கு மனம் வரவில்லை. அந்த எபிசோடையே அந்தப் பாடலைச் சுற்றித்தான் கட்டினேன். இரண்டாம் சரணத்தின் முடிவில் அவருக்கு மூச்சுப் போதாமல் போகும். அரை நொடி தாமதித்துப் பல்லவியைப் பிடிப்பார். அந்த அரை நொடியில் பின்னால் மின்விசிறி சுழல்வது கேட்கும். புதிய பதிவில் இரண்டுமே இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். என்ன செய்யலாம்?

கறார்க் கணக்கு
எடுக்காதீர்கள். அந்த மின்னஞ்சலில் காலக்கெடு இருந்ததா? நிபந்தனை இருந்ததா? இல்லையே. கொடுத்த அனுமதி கொடுத்ததுதான். யாரும் திரும்பிப் பார்க்காத நாளில் உங்கள் பாட்காஸ்ட் வேண்டியிருந்தது, இன்று நிறுவனம் கிடைத்ததும் வேண்டாததாகிவிட்டது. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யாரோ நான் யாரோ. இன்று இவருக்கு எடுத்தால் நாளை பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். உங்கள் பழைய எபிசோடுகள் எலி கடித்த துணி மாதிரி ஆகிவிடும்.

மூங்கில்துளை
நான் குழல் வாசிக்கிறவன். என் பதிவுகளும் இப்படிச் சில பாட்காஸ்ட்களில் கிடக்கின்றன. கறார்க் கணக்கு சொல்வதைக் கேட்டால், அந்தப் பெண் உங்களிடம் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் ஓடியவர் போல் இருக்கிறது. அவர் என்ன வாங்கினார்? நான்கு நிமிடப் பாடலைக் காசில்லாமல் கொடுத்தார், உங்கள் எபிசோட் நிறைந்தது. கணக்குப் பார்த்தால் கடன்காரர் நீங்கள்தான்.

அந்த மூச்சுத் தடுமாற்றம் உங்களுக்கு அழகாக இருக்கலாம். பாடியவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்தீர்களா? ஐந்தாண்டுக்கு முன் நான் வாசித்த ஒரு பதிவில் மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் மயிரிழை இறங்கியிருக்கும். கேட்டவர்கள் யாரும் கவனித்ததில்லை. எனக்கு மட்டும் அந்த இடம் நெருங்கும்போதே வயிறு பிசையும்.

பழைய கேசட்
இதில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், கேட்பவர். அவரைப் பற்றி யாருமே பேசவில்லை. மெருகேற்றிய வடிவம் வந்த பிறகு முதல் வடிவம் மறைந்துவிட்டால் இழப்பு எங்களுக்குத்தான். பிரிட்டிஷ் வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை பிபிசி ரேடியோ 1-இல் பெயர் தெரியாத குழுக்களின் டெமோ டேப்புகளை வாங்கி வாங்கி ஒலிபரப்பினார். அவர் நிகழ்ச்சிக்காக அவசர அவசரமாகப் பதிவான வடிவங்களை, முறையான ஆல்பத்தைவிட மேலாகக் கொண்டாடும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அவற்றை எல்லாம் "அழித்துவிடுங்கள், இப்போது நன்றாக வாசிக்கிறோம்" என்று சொல்லியிருந்தால்?

மூங்கில்துளை
நல்ல உதாரணம், ஆனால் எனக்குச் சாதகமானது. பீல் நிகழ்ச்சிக்கென்று பிபிசி ஸ்டூடியோவில் வாசித்தவர்களுக்குக் கூலி உண்டு. இங்கே கூலியும் இல்லை, இப்போது மறுக்கும் உரிமையும் இல்லை என்கிறீர்கள்.

இரவுப் பயணி
ஒரு சமரசம்: 30 விநாடிக்குக் குறைவாக வைத்துக்கொண்டால் காப்புரிமைப் பிரச்சினை வராது அல்லவா? மீதியை வெட்டிவிடலாமே.

திருத்துநர்
முதலில் ஒரு சொல். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு. பாட்டுக்கும் எழுத்துக்கும் பதிப்புரிமை. (தெரியும், இதை எல்லா இழையிலும் சொல்கிறேன். எல்லா இழையிலும் தவறாக எழுதுகிறார்களே.) அடுத்து, "30 விநாடி" விதி வெறும் வதந்தி. சிலர் பத்து விநாடி என்பார்கள், சிலர் எட்டு தாளக்கட்டு என்பார்கள். விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டுவதற்குப் பல நாட்டுச் சட்டங்களில் இடம் உண்டு. ஆனால் இத்தனை விநாடிக்குள் இருந்தால் போதும் என்று யாரும் கோடு கிழித்துக் கொடுக்கவில்லை.

வானொலியோடு ஒப்பிடுவதும் பாதி தூரம்தான் வரும். வானொலி நிலையங்கள் உரிமைச் சங்கங்களிடம் மொத்தமாக உரிமம் வாங்குகின்றன, ஒலித்த பாட்டு காற்றோடு போகிறது. பாட்காஸ்ட் கேட்பவரின் கருவியில் ஒரு நகலைக் கொண்டுபோய் வைக்கிறது. அந்த மொத்த உரிமம் பொதுவாக இதற்குச் செல்லாது. அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் கலைஞரிடம் நேரே கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது.

இனி அலைவரிசைக்கு ஒரு கேள்வி. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புக்கு ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. நிறுவனம் புதிய பதிவை வைத்திருக்கலாம். உங்களிடம் இருப்பது அறையில் எடுத்த பழைய பதிவு. அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டாரா? நீக்கச் சொல்வது அவரா, அவர் பெயரில் நிறுவனமா? கேட்டீர்களா?

நள்ளிரவு அலைவரிசை
கேட்கவில்லை. கோபத்தில் இங்கே வந்துவிட்டேன். இப்போது எழுதியிருக்கிறேன்.

கறார்க் கணக்கு
அவர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைப்பாளி முன்கூட்டியே எல்லோருக்கும் அனுமதி தரும் உரிமத்தில், வெளியிட்டிருந்தால் இந்தப் பேச்சே எழாது. 2002-இல் அந்த உரிமங்கள் வந்தபோதே இதற்கு வழி செய்துவிட்டார்கள். நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும்வரை கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது. இனிமேல் அப்படிப்பட்ட பாடல்களை மட்டும் போடுங்கள்.

திருத்துநர்
அதிலும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வகை இருக்கிறது. நாளைக்கே எபிசோடில் ஒரு விளம்பரம் சேர்த்தால் சிக்கல். மாற்றம் செய்யக்கூடாது என்ற வகையும் இருக்கிறது. பாட்டின் மேல் பேச்சை ஏற்றிக் கலந்தால் அதுவே சர்ச்சைக்குரியது. எப்படியானாலும் இந்தப் பெண் கொடுத்தது அந்த உரிமம் இல்லை, ஒரு வரி. "தாராளமாக" என்பதற்கு எத்தனை ஆண்டு என்று எந்த அகராதியிலும் இல்லை.

பழைய கேசட்
சட்டத்தை விடுங்கள். செயலிகள் எபிசோடுகளை எடுக்கும் பட்டியலிலிருந்து (ஃபீட்) நீக்கினால் மட்டும் போய்விடுமா? ஏற்கெனவே இறக்கியவர்களிடம் இருக்கிறதே. என்னிடம் இருக்கிறது.

திருத்துநர்
உங்களிடம் இருப்பதை யாரும் வந்து பிடுங்கப்போவதில்லை. புதிதாக வருகிறவருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். வெட்டுவதென்று முடிவெடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒலிக்கோப்பை மட்டும் மாற்றுங்கள், எபிசோடின் அடையாள எண்ணைத் தொடாதீர்கள். அதை மாற்றினால் பல செயலிகள் அதைப் புது எபிசோட் என்று நினைத்து எல்லோருக்கும் மறுபடி இறக்கும். 128 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 58 எம்.பி. நீக்கிய செய்தியை நீங்களே தண்டோரா போட்டதுபோல் ஆகும். எந்தப் பாட்டு எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று பட்டியல் கொடுத்திருந்தால் அதையும் திருத்துங்கள்.

நள்ளிரவு அலைவரிசை
பதில் வந்துவிட்டது. நிறுவனம் பழைய பதிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். கேட்பது அவரேதான். அந்தப் பாடலைப் பாடிய வாரம் அவருடைய அம்மா மருத்துவமனையில் இருந்தாராம். மூச்சுத் திணறியது பயிற்சிக் குறைவால் அல்ல, அழுகையை அடக்கியதால். "அதை நீங்கள் எபிசோடில் 'என்ன அழகான இடம்' என்று இரண்டு முறை பாராட்டியிருந்தீர்கள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை, அப்போது சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

கறார்க் கணக்கு
வருந்துகிறேன். ஆனால் என் வாதம் மாறவில்லை. காரணம் உருக்கமாக இருந்தால் எடுப்போம், இல்லையென்றால் எடுக்கமாட்டோம் என்றால் அதற்குப் பெயர் விதியா? அடுத்தவர் காரணம் சொல்லாமல் கேட்டால் என்ன செய்வீர்கள்?

மூங்கில்துளை
காரணம் கேட்காமலே எடுக்க வேண்டும். அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நள்ளிரவு அலைவரிசை
அடுத்தவருக்கு என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை, கறார். இனி அனுமதி கேட்கும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கிறேன்: எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் எடுத்துவிடுவேன்.

இன்று ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் உட்கார்ந்து 4 நிமிடம் 12 விநாடியை வெட்டினேன். "என்ன அழகான இடம்" என்ற என் பேச்சையும் சேர்த்து. ஒன்று மட்டும் நெருடுகிறது. அடுத்த பாடலை அறிமுகப்படுத்தும்போது "இதற்கு முன் கேட்டீர்களே, அந்தக் குரலுக்குப் பிறகு எதைப் போடுவது என்று குழம்பினேன்" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அதற்கு முன் எந்தக் குரலும் இல்லை. மறுபடி பேசிப் பதிவுசெய்தால் என் குரல் நான்கு வருடம் தள்ளி ஒலிக்கிறது, ஒட்டவில்லை.

பழைய கேசட்
அதை விட்டுவையுங்கள். கேட்பவர்கள் என்ன குரல் என்று கேட்டு எழுதுவார்கள்.

மூங்கில்துளை
எழுதினால் என்ன சொல்வீர்கள்?

நள்ளிரவு அலைவரிசை
ஆல்பம் எப்போது வெளியாகிறது என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். தேதி தெரிந்ததும் அதைச் சொல்வேன்.